டிராகனை விற்பது யார்?

பதிப்பகம் இல்லாமல் தாமே எழுதி, தாமே அச்சிட்டு, தாமே விற்கும் ஃபேன்டஸி எழுத்தாளர்களில் சிலர் கோடிகளைத் தொட்டுவிட்டார்கள். மிகப் பலரின் புத்தகங்களை யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த இரு கூட்டத்துக்கும் நடுவே நிற்பது எது?

2002-ம் ஆண்டு. அமெரிக்காவில் மலைகள் சூழ்ந்த மான்டானா மாநிலம். புத்தகக் கடை ஒன்றில் மேஜை போட்டு அதன் பின்னால் நிற்கிறான் 18 வயதுப் பையன். சிவப்புச் சட்டை, தொளதொளத்த கறுப்புக் கால்சராய், நாடா கட்டிய பூட்ஸ், தலையில் கறுப்புத் தொப்பி. இடைக்கால ஐரோப்பாவின் கதைசொல்லி வேஷம். மேஜைமேல் அடுக்கிய புத்தகங்களின் அட்டையிலிருந்து ஒரு டிராகனின் கண் பார்க்கிறது. அந்தக் கண்ணை வரைந்தவன் அவன். கதையை எழுதியவனும் உள்ளட்டையில் கற்பனை நாட்டின் வரைபடத்தைத் தீட்டியவனும் அவனே. இப்போது விற்பவனும் அவனே. கடைக்குள் வருபவர்களை நிறுத்தி நிறுத்திக் கதையைச் சொல்கிறான். எட்டு மணி நேரம் ஓயாமல் பேசி, நாளும் நல்ல நாளாக அமைந்தால், 40 பிரதிகள் போகும்.

பையனின் பெயர் கிறிஸ்டோபர் பாவோலினி. நாவல், ‘எரகன்’. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவன். 15 வயதில் எழுத ஆரம்பித்தான். ஓராண்டு எழுதினான். அடுத்த ஆண்டு முழுக்கத் திருத்தினான். மூன்றாம் ஆண்டில் பெற்றோர் தங்களுடைய சின்னஞ்சிறு பதிப்பகத்தின் வழியே அதைப் புத்தகமாக்கினார்கள். குடும்பத்தின் பிழைப்பே அந்த ஒரு நாவலை நம்பி இருந்தது. போணியாகாவிட்டால் வீட்டை விற்க வேண்டிய நிலை. பள்ளிகள், நூலகங்கள், கடைகள் என்று 135-க்கும் மேற்பட்ட இடங்களில் அதே வேஷத்தோடு பையன் பேசினான்.

அந்தக் கோடையில் நாவலாசிரியர் கார்ல் ஹையாசன் குடும்பத்தோடு மான்டானாவுக்கு விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் மனைவியின் மகன், சிறுவன், எரகனை வாங்கிப் படித்தான், பிரமாதம் என்றான். ஹையாசன் தன் பதிப்பகமான நாஃபிடம் விஷயத்தைச் சொன்னார். 2003 ஆகஸ்டில் நாஃப் அதை வெளியிட்டது. 2006-ல் திரைப்படமாகவும் வந்தது. தொடரின் நூல்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்றிருக்கின்றன.

இதை அதிர்ஷ்டக் கதையாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்த நாவலை முதலில் தேர்ந்தெடுத்தவர் ஒரு பதிப்பாசிரியர் அல்ல, ஒரு சிறுவன். விளம்பரத்துக்காகச் சொன்னவனும் அல்ல; படித்தான், பிடித்தது, வீட்டில் சொன்னான். அவன் கை எட்டும் தூரத்தில் புத்தகம் இருப்பதற்காகத்தான் பாவோலினி அத்தனை ஊர்களில் தொப்பி அணிந்து நின்றான். சொந்தமாக வெளியிட்டுத் தலையெடுத்த ஃபேன்டஸி நாவல்களின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இப்படி ஒரு வாசகர், அல்லது ஒரு வாசகர் கூட்டம், இருப்பதைக் காணலாம்.

காவலர் போனார், வாசல் திறந்தது

பின்னணி நீளமானதல்ல. 2007 நவம்பரில் அமேசான் கிண்டில் கருவியைக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் தங்கள் நூலை அதில் ஏற்றலாம் என்றது. 2010-ல் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் விலை வைத்தால் விற்பனையில் 70 சதவீதம் எழுத்தாளருக்கு என்று அறிவித்தது. அதே ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தின் ஆஸ்டின் என்ற சிற்றூரில் அமாண்டா ஹாக்கிங் என்ற இளம்பெண், சிகாகோவில் நடக்கவிருந்த பொம்மலாட்டப் பாத்திரங்களின் கண்காட்சியைப் பார்க்கப் போகச் சில நூறு டாலர் வேண்டுமென்று, பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய தன் மாயக்கதைகளைக் கிண்டிலில் ஏற்றினார். ஒரு வருடத்துக்குள் விற்பனை பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 2011 மார்ச்சில் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் 20 லட்சம் டாலர் கொடுத்து அவருடைய அடுத்த நூல்களை வாங்கியது. அவரைத் தூக்கிவிட்டவர்கள் புத்தகங்களைப் படித்து இணையத்தில் எழுதிவந்த வாசகர்கள் என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு வெள்ளம்தான். 2014-ல் மாதச் சந்தா கட்டி எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வந்தது. 2015 ஜூலை முதல் அதில் எழுத்தாளருக்குப் பணம் கிடைப்பது வாசகர் படிக்கும் பக்கக் கணக்கில்.

---
பெட்டிச் செய்தி: ஒரு நாவல், எத்தனை கணக்கு?

• மின்நூல் விலை 4.99 டாலர் என்றால், 70 சதவீத முறையில் எழுத்தாளர் கைக்கு வருவது ஏறத்தாழ 3.50 டாலர். கோப்பின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகை அதில் கழியும்.

• அதே நாவலை 0.99 டாலருக்கு வைத்தால் பங்கு 35 சதவீதம். கைக்கு வருவது 35 சென்ட்.

• அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்கள் மின்நூலுக்குத் தரும் வழக்கமான ராயல்டி, தங்களுக்கு வரும் தொகையில் 25 சதவீதம்.

• கிண்டில் அன்லிமிடெட்டில் படிக்கப்படும் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது அரை சென்ட்டுக்கும் குறைவு. 500 பக்க நாவலை ஒருவர் முழுதாகப் படித்து முடித்தால் சுமார் இரண்டு டாலர்.
---

ஏன் ஃபேன்டஸி?

காதல் கதைகளும் துப்பறியும் கதைகளும் சொந்த வெளியீட்டில் நன்றாகவே போகின்றன. ஆனால் ஃபேன்டஸிக்கு ஒரு தனி பலம் உண்டு. அது தொடராக வருவது. ஒரு வாசகர் புதிய உலகம் ஒன்றின் மலை, ஆறு, மந்திர விதி, அரச வம்சம் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொள்ளப் பாடுபட்டிருக்கிறார். ஒரு நூலோடு அங்கிருந்து கிளம்ப அவருக்கு மனம் வராது. அடுத்த பாகம் எங்கே என்று கேட்பார். முதல் நூலை விற்கத்தான் உழைப்பு தேவை; மற்றவற்றை அது விற்றுத் தரும். வில் வைட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ‘கிரேடில்’ தொடர் 2016-ல் தொடங்கி 2023-ல் பன்னிரண்டாம் நூலோடு முடிந்தது. எல்லாமே சொந்த வெளியீடு. முதல் நூலை இலவசமாகவோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுப்பது இத்துறையில் சாதாரண வழக்கம். நஷ்டம் போலத் தெரிந்தாலும் பாக்கி நூல்களில் அது திரும்பிவிடும்.

இதன் மறுபக்கம், தொடரைப் பாதியில் விட்டவரை வாசகர் மன்னிப்பதில்லை. பிரபலங்களே பல ஆண்டுகளாக அடுத்த பாகத்தைத் தராமல் காக்க வைத்ததால், முடியாத தொடரைத் தொடவே பலர் பயப்படுகிறார்கள். மைக்கேல் ஜே. சல்லிவன் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். நூற்றுக்கணக்கான நிராகரிப்புகளால் மனம் வெறுத்துப் பத்தாண்டுபோல எழுத்தையே விட்டிருந்தவர், தன் ‘ரிரியா’ கதைகளைச் சொந்தமாக வெளியிட்டு 2011-ல் ஆர்பிட் பதிப்பகத்தை எட்டினார். வணிகத்தைக் கவனித்துக்கொண்டவர் அவர் மனைவி ராபின். ஒரு தொடரின் எல்லா நூல்களையும் எழுதி முடித்த பிறகே முதல் நூலை வெளியிடுவது சல்லிவனின் வழக்கம். எனக்குத் தெரிந்து இதைவிட நாணயமான விளம்பரம் இல்லை.

இன்னொரு வழி, அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் இலவசமாக வெளியிடுவது. மேட் டின்னிமனின் ‘டன்ஜன் கிராலர் கார்ல்’ அப்படித்தான் வளர்ந்தது; 2020-ல் சொந்த வெளியீடாக நூல் வடிவம் பெற்றது. பிறகு ஏஸ் பதிப்பகம் அதைக் கெட்டி அட்டையில் கொண்டுவந்தபோது, மின்நூல் உரிமையை டின்னிமன் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதற்கு முன்னோடி ஹ்யூ ஹோவி. அறிவியல் புனைவு எழுதுபவர். 2012-ல் ‘வூல்’ நாவலின் அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்ட் ஷூஸ்டருக்குக் கொடுத்து, மின்நூலைக் கைவிடாமல் நின்றார். பேரம் பேசும் பலம் எழுத்தாளர் பக்கம் நகர்ந்த தருணம் அது. பதிப்பகம் தேடி வரும்போது எல்லா உரிமைகளையும் ஒரே கையெழுத்தில் எழுதிக் கொடுக்கும் எழுத்தாளர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். அவர்கள் இந்த இருவரின் ஒப்பந்தங்களைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது.

பரிசு: ஒரு செல்ஃபி குச்சி

வாசல் திறந்ததும் வந்த பிரச்சினை, உள்ளே வந்த கூட்டம். பதிப்பகம் செய்துகொண்டிருந்த வேலைகளில் அச்சிடுவதைக் கணினி எடுத்துக்கொண்டது. விநியோகத்தை அமேசான் எடுத்துக்கொண்டது. ஆனால் குவியலிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வேலை அனாதையாக நின்றது. அட்டையைப் பார்த்தும் நட்சத்திரங்களை எண்ணியும் வாங்கி ஏமாந்த வாசகர்கள், சொந்த வெளியீடு என்றாலே ஒதுங்கினார்கள். நன்றாக எழுதியவருக்கும் அதே தண்டனைதான்.

இதற்கு ஒரு பதில் பிரிட்டனிலிருந்து வந்தது. மார்க் லாரன்ஸ், பிரிஸ்டலில் வசிக்கும் ஃபேன்டஸி நாவலாசிரியர். அடிப்படையில் ஆய்வு விஞ்ஞானி. அவருடைய ‘பிரின்ஸ் ஆஃப் தார்ன்ஸ்’ 2011-ல் பெரிய பதிப்பகத்தின் வழியே வந்தது. தன் கைப்பிரதி ஒரு நல்ல பதிப்பாசிரியர் கண்ணில் பட்டதால்தான் தனக்கு வாழ்வு வந்தது, அதே தரத்தில் எழுதியும் கண்ணில் படாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி அவருக்கு இருந்தது. 2015-ல் ஒரு போட்டியைத் தொடங்கினார். அதன் விதிகள் மிக எளிமையானவை. சொந்தமாக வெளியான 300 ஃபேன்டஸி நாவல்கள். ஃபேன்டஸியை ஊன்றிப் படித்து விமர்சனம் எழுதும் பத்துக் குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் 30 நூல். ஒவ்வொரு குழுவும் தன் முப்பதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து அனுப்பும். அந்தப் பத்து நூல்களையும் பத்துக் குழுக்களும் படித்து மதிப்பெண் போடும். நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசுப் பணமும் கிடையாது. வெல்பவருக்கு ஒரு செல்ஃபி குச்சி அனுப்பப்படும்.

பணமே இல்லாத இந்தப் போட்டி என்ன செய்தது என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டில் வென்ற ஜோனதன் ஃபிரெஞ்சின் ‘தி கிரே பாஸ்டர்ட்ஸ்’ 2018-ல் கிரவுன் பதிப்பகத்தின் நூலாக வந்தது. ஐந்தாம் ஆண்டில் வென்ற எம்.எல். வாங்கின் ‘தி சோர்ட் ஆஃப் கைகென்’ இன்றும் வாசகர்கள் ஒருவருக்கொருவர் பரிந்துரைக்கும் நாவல். அவருடைய அடுத்த நூல்களில் ஒன்றைப் பின்னாளில் டெல் ரே வாங்கியது. ஆறாம் ஆண்டில் வென்ற ஜஸ்டின் லீ ஆண்டர்சனின் ‘தி லாஸ்ட் வார்’ ஆர்பிட்டுக்குப் போனது.

ஆனால் என்னை அதிகம் பாதித்தது தோற்ற ஒருவரின் கதை. ஜோசையா பாங்க்ராஃப்ட் 2013-ல் ‘சென்லின் அசெண்ட்ஸ்’ நாவலைத் தானே வெளியிட்டார். வானளாவிய ஒரு கோபுரத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டுத் தேடும் பள்ளிக்கூட ஆசிரியரின் கதை. புத்தகம் ஏறத்தாழ விற்கவே இல்லை. போட்டியின் இரண்டாம் ஆண்டில் கலந்துகொண்டார்; இறுதிப் பத்துக்குள் வரவில்லை. என்றாலும் நாவலைப் படித்த விமர்சகர் ஒருவர் விடாமல் அதைப் பற்றிப் பேசினார். லாரன்ஸ் வாங்கிப் படித்தார், வியந்தார், ஊருக்கெல்லாம் சொன்னார். 2018-ல் ஆர்பிட் அதை வெளியிட்டது. போட்டியின் விதிகளுக்கு வெளியே வென்ற நாவல் இது. படிப்பவர்கள் பொறுப்போடு படித்தால், தவறவிட்ட நூலையும் அவர்களே மீட்டுவிடுவார்கள்.

டிராவிஸ் பால்ட்ரீயின் ‘லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்’ விஷயத்தில் எல்லாம் இன்னும் வேகமாக நடந்தது. வாளைக் கீழே போட்டுவிட்டுக் காபிக் கடை திறக்கும் ஒரு போர்வீராங்கனையின் கதை. 2022 பிப்ரவரியில் அவரே வெளியிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் டோர் பதிப்பகம் மறுவெளியீடு செய்துவிட்டது. ஹூகோ, நெபுலா இரண்டு விருதுகளின் இறுதிப் பட்டியலிலும் அந்நாவல் இடம்பெற்றது. ஒன்றை மறக்கக் கூடாது: பால்ட்ரீ ஏற்கெனவே பெயர்பெற்ற ஒலிநூல் வாசிப்பாளர். இத்துறையின் எழுத்தாளர்களும் கேட்பவர்களும் அவர் குரலைப் பல ஆண்டுகளாக அறிவார்கள். ஒரே இரவில் எதுவும் நடக்கவில்லை.

நான்கு ரகசிய நாவல்கள்

2022 மார்ச் 1. யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஃபேன்டஸி நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் ஒரு காணொளியை வெளியிட்டார். பெருந்தொற்று முடக்கத்தின்போது யாரிடமும் சொல்லாமல் கூடுதலாக நாவல்கள் எழுதியதாகவும், அவற்றில் நான்கைத் தன் சொந்த நிறுவனத்தின் வழியே வெளியிடப் போவதாகவும் அறிவித்தார். பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் முன்பணம் கட்டலாம். நான்கு மின்நூலுக்கு 40 டாலர், கெட்டி அட்டைப் பதிப்புகளோடு 160 டாலர். கேட்டது 10 லட்சம் டாலர். முதல் 24 மணி நேரத்தில் வந்தது ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல். மாத இறுதியில் 1,85,341 பேரிடமிருந்து 4.17 கோடி டாலர் சேர்ந்திருந்தது. அன்றைய மதிப்பில் 300 கோடி ரூபாய்க்கு மேல். அதுவரை கிக்ஸ்டார்ட்டரில் எந்தப் பொருளும் திரட்டாத தொகை.

இந்தச் செய்தியைப் படித்து நாமும் தொடங்கலாம் என்று கிளம்பியவர்கள் பலர். அவர்கள் கவனிக்க வேண்டியது, சாண்டர்சனின் முதல் நாவல் வெளிவந்தது 2005-ல். அதற்கு முன் பத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி வைத்திருந்தார். அதன் பிறகு 17 ஆண்டுகள் சொன்ன தேதியில் நூல் தந்து, ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் எந்த நாவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று வாசகர்களுக்குக் கணக்குக் கொடுத்தார். அந்த 1,85,341 பேர் அப்படிச் சேர்ந்தவர்கள். நிதி திரண்ட அதே மாதம் அங்கே நடந்துகொண்டிருந்த மற்ற எழுத்தாளர்களின் நூல் திட்டங்களுக்கும், 300-க்கு மேற்பட்டவற்றுக்கு, அவர் பணம் கட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழில் இது புதிய யோசனையும் அல்ல. நம் பதிப்பாளர்கள் முன்வெளியீட்டுத் திட்டம் என்ற பெயரில் செய்துவருவது இதைத்தான். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது, முன்கூட்டிக் கையொப்பமிட்டுப் பணம் தந்தவர்களை நம்பி. 1920-ல் பாரதியார் தன் எழுத்துகளை 40 நூல்களாக, மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள் அச்சிடும் திட்டத்தோடு அன்பர்களிடம் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவரும் இல்லை. இன்று சிவகாசியிலிருந்து வரும் லயன்–முத்து காமிக்ஸ் சந்தாவாலும் முன்பதிவாலும்தான் நிற்கிறது. கடைகளில் தொங்கிய காலம் போய், ஆசிரியரும் வாசகரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் ஒரு குடும்பமாக அது தப்பிப் பிழைத்திருக்கிறது. தமிழில் ஃபேன்டஸி வெளியிட விரும்புகிறவர் படிக்க வேண்டிய முதல் பாடம் அமெரிக்காவில் இல்லை, சிவகாசியில் இருக்கிறது.

இலவசமாகக் கிடைத்த முதல் அத்தியாயம்

இந்தியாவின் பெரிய உதாரணம் அமிஷ் திரிபாதி. கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த நிதித்துறை அதிகாரி. சிவனை மனிதனாக வைத்து எழுதிய ‘தி இம்மார்ட்டல்ஸ் ஆஃப் மெலூஹா’வை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் அவருடைய முகவரே அச்சிட முன்வந்தார். விளம்பரத்தை அமிஷ் பார்த்துக்கொண்டார். 2010 பிப்ரவரியில் நூல் வருவதற்கு முன், முதல் அத்தியாயத்தை மட்டும் சிறு பிரசுரமாக அடித்துப் புத்தகக் கடைகளின் பில் போடும் இடத்தில் இலவசமாக வைத்தார்கள். இசையோடு ஒரு முன்னோட்டப் படமும் எடுத்து இணையத்தில் விட்டார்கள். சினிமாவுக்கு மட்டும் நடந்த காரியம் நாவலுக்கு நடந்தது. நூல் பரபரவென்று போனதும் வெஸ்ட்லேண்ட் பதிப்பகம் ஏற்றது. 2013-ல் அடுத்த தொடருக்கு அவருக்கு ஐந்து கோடி ரூபாய் முன்பணம் என்று செய்தி வந்தது.

அந்த முதல் அத்தியாயத் தந்திரத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அது பலித்ததற்குக் காரணம், அந்த அத்தியாயம் வாசகரைப் பிடித்து நிறுத்தியது. மிச்சத்தைக் காசு கொடுத்து வாங்க வைத்தது. சரக்கு இல்லாத முதல் அத்தியாயத்தை இலவசமாகக் கொடுத்தால், வாங்கியிருக்கக்கூடியவரையும் இழப்போம்.

வெஸ்ட்லேண்டின் பிற்காலமும் கவனிக்கத்தக்கது. 2016-ல் அமேசான் அதை வாங்கியது. 2022 தொடக்கத்தில் மூடுவதாக அறிவித்தது. அதே குழுவோடு கைகோத்து மறுபிறவி கொடுத்தது பிரதிலிபி. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் யார் வேண்டுமானாலும் தொடர்கதை எழுதலாம் என்று 2014-ல் பெங்களூருவில் தொடங்கிய தளம் அது.

---
பெட்டிச் செய்தி: இந்தியாவில் நூல் வெளியிடுபவர் அறிந்திருக்க வேண்டியவை

• ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் ஒற்றை எண்ணின் விலை 125 டாலர். இங்கே இதற்குப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

• 1954-ம் ஆண்டுச் சட்டப்படி அச்சு நூலின் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கும் வெளியிட்டவர் தன் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுபவருக்கும் இது பொருந்தும்.

• எழுதியவுடனே காப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமல்ல. உங்கள் ஆயுளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும்.

• கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால், அந்த மின்நூலை வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.
---

ஒரே கடையை நம்பினால்

அந்தக் கடைசி விதிதான் சொந்தமாக வெளியிடுபவரின் தூக்கத்தைக் கெடுப்பது. கிண்டில் அன்லிமிடெட்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்நூல் அமேசானுக்கு மட்டும். சேராவிட்டால் சந்தா வாசகர்கள் கண்ணில் படாது. ஃபேன்டஸி வாசகர்களில் பெரும் படிப்பாளிகள் சந்தாவில்தான் இருக்கிறார்கள். ஆகவே பலரும் சேர்கிறார்கள். சேர்ந்தபின், பக்கத்துக்கு என்ன விலை என்பதை ஒவ்வொரு மாதமும் அந்த நிறுவனமே தீர்மானிக்கிறது.

பக்கக் கணக்கு கதையையும் பாதித்தது. பழைய நூல்களையெல்லாம் பின்னால் ஒட்டி, ஆயிரக்கணக்கான பக்கம் காட்டிப் பணம் பார்த்தவர்கள் கிளம்பினார்கள். சந்தா நிதி ஒரே பானை. அவர்கள் அள்ளியது நேர்மையாக எழுதியவர்களின் பங்கிலிருந்து. 2018 வாக்கில் அமேசான் கட்டுப்பாடுகளை இறுக்கியது. அடுத்து இயந்திரம் எழுதிய நூல்கள் குவிந்தன. 2023 செப்டம்பரில், ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அமேசான் வரம்பு வைத்தது. ஒரு நாளில் மூன்று! ஒரு நாவலுக்கு மூன்று ஆண்டு உழைத்தவர் அந்தக் குவியலுக்குள் தன் நூலை வைக்கிறார்.

ஒலிநூலிலும் இதே கதை. அமேசானின் ஒலிநூல் தளமான ஆடிபிளில் மட்டும் விற்றால் 40 சதவீதம், பிற இடங்களிலும் விற்றால் 25 சதவீதம் என்பது 2022-ல் சுயாதீன எழுத்தாளர்களுக்கு விதித்திருந்த பங்கு. சாண்டர்சன் தன் நான்கு நாவல்களின் ஒலிநூலை அங்கே தர மறுத்து, பெரிய பேரம் தனக்குக் கிடைத்தாலும் மற்றவர்களுக்குக் கிடைக்காது என்று 2022 இறுதியில் வெளிப்படையாக எழுதினார். 2024-ல் ஆடிபிள் புதிய பங்கு முறையை அறிவித்த பிறகே இசைந்தார். தனக்காக மட்டும் பேசாமல் துறைக்காகப் பேசியவர் என்ற மரியாதையை அவருக்கு இதற்காகவே தரலாம்.

இந்தச் சூழலில் எழுத்தாளருக்குச் சொந்தமாக எஞ்சுவது ஒன்றுதான்: வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியல். நாவலின் கடைசிப் பக்கத்தில், இந்த உலகத்தின் ஒரு குறுங்கதையை அனுப்புகிறேன், முகவரி தாருங்கள் என்று கேட்பது இத்துறையில் அனைவரும் செய்வது. கடை விதியை மாற்றலாம், கணக்கை முடக்கலாம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொள்ள முடியாது. விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தைவிட, கையெழுத்துப் பிரதியைத் தயவுதாட்சண்யம் இல்லாமல் திருத்தும் ஒரு எடிட்டருக்கும், ஃபேன்டஸி தெரிந்த ஓவியர் வரையும் அட்டைக்கும் ஒதுக்குவது பலன் தரும் என்பேன். அட்டையைப் பார்த்தே இது தன் ரகக் கதையா என்று வாசகர் முடிவெடுக்கிறார்.

அச்சு, அட்டை, விளம்பரம், விருது எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று எழுத்தாளரிடமே பணம் பறிக்கும் நிறுவனங்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டன. அவர்களின் வருமானம் எழுத்தாளர் கட்டும் தொகையிலேயே முடிந்துவிடுகிறது. புத்தகம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். எத்தனை பிரதி விற்றுத் தருவீர்கள் என்று அவர்களிடம் நேராகக் கேளுங்கள்.

தமிழில் குறைவது எது?

2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழ் வந்தது. 2018-ல் அமேசானின் எழுத்துப் போட்டியில் தமிழும் சேர்ந்தது. தேவைக்கு அச்சிடும் வசதியால் இன்று நூறு பிரதி, ஏன் பத்துப் பிரதிகூட அடிக்கலாம்; ஆயிரம் பிரதியை அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டிய காலம் போய்விட்டது. பிரதிலிபியிலும் கிண்டிலிலும் தொடர்நாவல் எழுதும் பெண்கள் தமக்கென்று பெரும் வாசகர் கூட்டத்தைச் சம்பாதித்திருக்கிறார்கள். அவர்களை இலக்கிய உலகம் பொருட்படுத்தாவிட்டாலும், வாசகரோடு நேரடியாக உறவு வைத்திருக்கும் தமிழ் எழுத்தாளர்கள் அவர்களே. ஆனால் அங்கே குடும்பமும் காதலும்தான் அதிகம். ஃபேன்டஸி ஓர் ஓரத்தில் நிற்கிறது.

வாசகர் இல்லை என்று சொல்ல முடியாது. விக்கிரமாதித்தனின் வேதாளத்தையும் மதனகாமராஜன் கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அம்புலிமாமாவையும் இரும்புக்கை மாயாவியையும் மூன்று தலைமுறை படித்திருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வந்தபோது அடுத்த இதழுக்குக் காத்திருந்த பழக்கம், தொடர் படிக்கும் பழக்கம்தான். இன்று அந்த வாசகரின் பிள்ளைகள் டிராகனை ஆங்கிலத்தில் தேடிப் போகிறார்கள். தமிழில் அப்படி ஒரு நாவல் சொந்த வெளியீடாக வந்திருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

தெரிவிக்க ஆள் இல்லாததுதான் குறை. நம் விமர்சகர்களில் பலர் மாயக்கதையைச் சிறுவர் சமாச்சாரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். நூலக ஆணைக்காகப் போகும் பட்டியலில் தனி ஆள் வெளியிட்ட ஃபேன்டஸி நாவலுக்கு வாதாட யாரும் இல்லை. சென்னைப் புத்தகக் காட்சியில் அரங்கு எடுக்கும் வசதி தனி எழுத்தாளருக்கு இல்லை. யாராவது ஒரு பதிப்பாளரின் அரங்கில் ஓரமாக ஐந்து பிரதி வைக்க இடம் கேட்க வேண்டும்.

மார்க் லாரன்ஸ் செய்ததைத் தமிழில் செய்ய அரசு மானியமோ புரவலரோ தேவையில்லை. 300 நூல்கூட வேண்டாம், 30 போதும். ஆளுக்கு ஆறு நாவல் படிக்க ஐந்து வாசகர் வட்டங்கள். கோவையில் ஒன்று, மதுரையில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று, சென்னையில் ஒன்று. ஒவ்வொரு வட்டமும் தன் ஆறையும் முழுதாகப் படித்து, பிடித்ததையும் பிடிக்காததையும் காரணத்தோடு எழுத வேண்டும். எழுதியவரின் பெயரையோ ஊரையோ சாதியையோ பார்க்கக் கூடாது. தேர்வான ஐந்தை ஐந்து வட்டங்களும் படிக்கட்டும். முடிவைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரியில் அறிவித்தால், அந்த ஐந்து நூல்களையும் ஒரே மேஜையில் வைக்கத் தன் அரங்கில் இடம் தர ஒரு பதிப்பாளராவது முன்வருவார். படிக்கத் தயாராக இருக்கும் வட்டங்கள் எங்களுக்கு எழுதுங்கள். வரும் பெயர்களையும் நூல் பட்டியலையும் இந்த இதழிலேயே வெளியிடுகிறோம்.